சேற்றுக்குள் ஒரு குடியிருப்பு

கழிமுகம் என்றதும் நம் நினைவில் எழுவன நீர்ப்பரப்பும் நாரையும் ஓடமுமே. நீர் வடிந்தபின் தலைகாட்டும் கருஞ்சேற்றைச் செல்வமென்று மதிப்பார் சிலரே. அச்சேற்றினுள் மட்டிகளும் புழுக்களும் நண்டினத்தைச் சேர்ந்த சிற்றுயிர்களும் நெருங்கி வாழ்கின்றன. முதுகெலும்பில்லாத இவ்வுயிர்களை மனிதன் முறையாக எண்ணத் தொடங்கிய வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

டென்மார்க்கின் வடபகுதியைக் குறுக்கே பிளந்து கிடக்கிறது லிம்பியோர்டு என்னும் ஆழங்குறைந்த நீர்ப்பரப்பு. மேற்கே வடகடல், கிழக்கே காட்டகாட் கடல். கரையிலிருந்து ஓடைகள் நன்னீரைக் கொணர்கின்றன. ஆதலால் மேற்கிலிருந்து கிழக்கே செல்லச் செல்ல உப்புக் குறைகிறது. முன்னாளில் மேற்கு வாயிலை மணல்திட்டு அடைத்திருந்தது. 1825-ஆம் ஆண்டில் ஒரு பெரும்புயல் அதனை உடைத்தது. கடல்நீர் உட்புகுந்தது, நன்னீர் மீன்கள் அழிந்தன, கடலுயிர்கள் குடியேறின. அடிச்சேற்றின் குடிகளே மாறிவிட்டனர் எனலாம்.

1889-ஆம் ஆண்டில் டென்மார்க்கில் ஓர் உயிரியல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அதன் தலைவராக விளங்கியவர் யோஹன்னஸ் பீட்டர்சன். மீனவர்களின் பிழைப்பைப் பற்றிய கேள்வி ஒன்று அவர் முன் நின்றது. பிளேஸ் என்னும் தட்டைமீன்கள் மேற்கு வாயிலருகே நெருங்கிக் கிடந்து வளர்ச்சி குன்றியிருந்தன. அவற்றையே பிடித்து உட்பகுதிகளில் விட்டால் விரைந்து பருத்தன. காரணம் இரையாகத்தான் இருக்கவேண்டும். இரையோ சேற்றினுள் இருக்கிறது. அது எவ்வளவு?

அதுவரை அறிஞர்கள் அடியில் இழுவலையை இழுத்து, கிடைத்ததைப் பார்த்தனர். என்னென்ன உயிர்கள் உள்ளன என்பதை அது காட்டும். எத்தனை உள்ளன என்பதைக் காட்டாது. பீட்டர்சன் இரும்பினால் ஒரு கவ்வியை அமைத்தார். இரண்டு தாடைகளும் திறந்தபடி அது கயிற்றில் இறங்கும். தரையைத் தொட்டுக் கயிறு தளர்ந்ததும் பூட்டு விடுபடும். மேலே இழுக்கும்போது தாடைகள் மூடிக்கொண்டு, ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்கு பரப்பின் சேற்றை அள்ளிவரும். சேற்றைச் சல்லடையில் அலசி, எஞ்சிய உயிர்களை எண்ணி எடைபோட்டுப் பத்தால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் கணக்குக் கிடைத்துவிடும். நெல்வயலில் ஒரு சிறு பகுதியை அறுத்து விளைச்சலை மதிப்பிடுவது போன்றதே இம்முறை.

இரையின் அளவைத் தேடியவருக்கு மற்றோர் உண்மையும் கிட்டியது. ஒரே வகைத் தரையில், ஒத்த ஆழத்தில் எங்கு அள்ளினாலும் அதே கூட்டாளிகள் மீண்டும் மீண்டும் வந்தனர். 1911-இலும் 1913-இலும் வெளியிட்ட நூல்களில் அவர் இவற்றை உயிர்ச் சமுதாயங்கள் என வகுத்தார். கரையோரத்து ஆழமற்ற நீரில் வாழ்வது மக்கோமா சமுதாயம். மக்கோமா என்னும் சிறுமட்டி சேற்றினுள் புதைந்திருந்தபடியே, யானை துதிக்கை நீட்டுவதுபோல் ஒரு குழாயை மேலே நீட்டிப் படிவுகளை உறிஞ்சி உண்ணும். அதன் அண்டையில் மணற்புழு வளைந்த வளையமைத்து, மணலை விழுங்கிச் சத்தைக் கொண்டு எஞ்சியதைச் சுருளாக வெளித்தள்ளும்.

இவற்றுக்கெல்லாம் உணவு எங்கிருந்து வருகிறது? சோஸ்டெரா என்னும் கடற்புல் மடிந்து மக்குவதிலிருந்தே பெரும்பாலும் வருகிறது என்று பீட்டர்சன் முடிவு செய்தார். 1928-இல் அவர் மறைந்தார். 1930-களில் கொடிய நோயொன்று அட்லாண்டிக் கடலோரங்களிலே அப்புல்லைப் பேரளவில் அழித்தது. அவர் கொள்கை சரியானால் மட்டியும் புழுவும் மீனும் பேரழிவுக்கு உள்ளாகியிருக்கவேண்டும். அவ்வாறு நேரவில்லை. நீரில் மிதக்கும் நுண்பாசிகளும் சேற்றின்மேல் படரும் நுண்பாசிகளும் பெரிய உணவுக் களஞ்சியங்கள் என்பதைப் பின்வந்தோர் தெளிந்தனர்.

கொள்கை தளர்ந்தது, கணக்கு நிலைத்தது. ஆராய்ச்சியின் பெருமை இதில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். பிறர் சரிபார்க்கக்கூடிய அளவைகளை விட்டுச்சென்றவன், தன் முடிவு பிழைத்தாலும் வருங்காலத்துக்கு உதவுகிறான். 1978-இல் பியர்சனும் ரோசன்பெர்க்கும் இத்தகைய கணக்குகளைத் திரட்டி ஒரு முறைமையைக் காட்டினர். கழிவு மிகும்போது ஆழத்தில் வளைதோண்டும் பெரிய உயிர்கள் மறைகின்றன. மேற்பரப்பை ஒட்டி வாழும் சிறுபுழுக்கள் பல்கிப் பெருகுகின்றன. கழிவு இன்னும் முற்றினால் அவையும் மடிகின்றன. அந்த லிம்பியோர்டிலேயே வயல் உரங்களின் சத்து மிகுந்து, கோடைக்காலங்களில் அடிநீரில் பிராணவாயு குன்றி, அடித்தரை உயிர்கள் மாண்டதைப் பின்னைய ஆண்டுகள் கண்டன.

பீட்டர்சனின் கவ்வி நம் நாட்டுக் கழிமுகங்களிலும் இறங்கியிருக்கிறது. சேற்றுநிலத்தை மேடாக்கவோ, கழிவை அதில் திறந்துவிடவோ எண்ணுவோர், முதலில் அதன் குடிகளை எண்ணிப் பார்க்கட்டும். மீனவர் வீட்டு அடுப்புக்கும் அந்தச் சேற்றுக்கும் உள்ள தொடர்பு அப்போது புலனாகும்.