ஓஷினுக்காக அழுதவர்கள்

பனிக்காலம். மொகாமி ஆற்றில் ஒரு மரத்தெப்பம் நகர்கிறது. அதன்மேல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். ஒரு மூட்டை அரிசிக்கு ஈடாக ஓராண்டு வேலைக்காரியாக அவளை அனுப்பி வைக்கிறார்கள். கரையில் நிற்கும் பெற்றோரை நோக்கி அவள் கதறுகிறாள். ஜப்பானிய நாடகமான 'ஓஷின்' பற்றிப் பேச்செடுத்தால், 1980களில் தொலைக்காட்சி பார்த்தவர்கள் முதலில் சொல்வது இந்தக் காட்சியைத்தான்.

என்.எச்.கே. நிறுவனம் 1983 ஏப்ரல் 4 முதல் 1984 மார்ச் 31 வரை இதை ஒளிபரப்பியது. தினமும் காலையில் 15 நிமிடம், மொத்தம் 297 பகுதிகள். சராசரியாக நூற்றுக்கு 52.6 வீடுகளில் பார்த்தார்கள் என்றும், 1983 நவம்பரில் அது 62.9 ஆக உயர்ந்தது என்றும் ஜப்பானிய ஒளிபரப்புக் கணக்குகள் காட்டுகின்றன. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அடுப்படி வேலைக்கு நடுவே பார்க்கும் ஒரு காலை நாடகத்துக்கு இது கிடைத்தது. அதன்பின் எந்த ஜப்பானிய நாடகமும் அந்த உயரத்தைத் தொடவில்லை.

பார்த்தவர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போகவில்லை. சிறுமி ஓஷின் பட்டினி கிடக்கிறாள் என்று ஒளிபரப்பு நிலையத்துக்கு அரிசியும் பணமும் அனுப்பியவர்கள் உண்டு. சிறுமியாக நடித்த அயாகோ கொபயாஷிக்கு அப்போது பத்து வயது. அவருக்குப் பட்டினி ஒன்றும் இல்லை. பின்னால் கதை சாகா வட்டாரத்துக்குப் போனது. அங்கே ஓஷினின் மாமியார் அவளைப் பாடாய்ப் படுத்தினார். எங்கள் ஊர்ப் பெண்களை இப்படியா காட்டுவது என்று சாகா மக்கள் கோபித்துக்கொண்டார்கள். நாடகத்தில் வந்த மாமியாரை நிஜ மாமியாராகவே எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மவர்களுக்கு மட்டும் உரியதன்று!

கதையை எழுதியவர் சுகாகோ ஹாஷிதா. 1925இல் பிறந்து 2021இல் தமது 95ஆம் வயதில் காலமானவர். மெய்ஜி காலத்தில் பிறந்த மூதாட்டி ஒருவர் தம் வாழ்க்கையைப் பற்றி எழுதிய கடிதமே இந்தக் கதைக்கு வித்து. பண்ணையாருக்குக் குத்தகை அளந்தது போக மிஞ்சும் அரிசி போதாமல், வெள்ளை முள்ளங்கியை நறுக்கிச் சோற்றோடு கலந்து வயிற்றை நிரப்பிய குடும்பங்கள் அன்று யமகாதா வட்டாரத்தில் இருந்தன. ஒரு வாய் குறைந்தால் மற்றவர்களுக்கு ஒரு பிடி கூடும் என்று பிள்ளைகளை வேலைக்கு அனுப்பினார்கள். ஓஷினின் தாய், வயிற்றில் இருக்கும் கருவைக் கலைப்பதற்காகக் குளிர்ந்த ஆற்றில் இறங்கி நிற்பாள். அதைப் பார்த்த பிறகுதான் சிறுமி தானாகவே வேலைக்குப் போகச் சம்மதிக்கிறாள். தெப்பக் காட்சியின் முழுக் கனமும் அதற்கு முந்தைய அந்த ஆற்றுக் காட்சியில் இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். கொபயாஷி நடித்த சிறுமிப் பருவம் முதல் 36 பகுதிகளோடு முடிந்துவிடுகிறது. அதாவது ஆறே வாரம். முழு நாடகத்தில் எட்டில் ஒரு பங்கு. மீதி முழுவதும் யூகோ தனகாவும் நொபுகோ ஒதோவாவும் நடித்த, வளர்ந்த ஓஷினின் கதை. அதில் 1923ஆம் ஆண்டு தோக்கியோ நிலநடுக்கம் வருகிறது, கடை வைப்பதும் நொடிப்பதும் வருகின்றன, போர் வருகிறது. உலகம் நினைவில் வைத்துக்கொண்டதோ அந்த ஆறு வாரத்தைத்தான். பொறுமை, பொறுமை, எத்தனை துன்பம் வந்தாலும் பொறுமை என்பதே ஓஷினின் பாடம் என்று பலரும் முடிவு கட்டினார்கள்.

சிங்கப்பூருக்கு இந்த நாடகம் வந்த நேரமும் அப்படிப்பட்டது. ஜப்பானுக்கு வெளியே ஓஷினை முதலில் ஒளிபரப்பிய நாடு சிங்கப்பூர், ஆண்டு 1984. உற்பத்தித் திறன் இயக்கம் 1981இல் அங்கே தொடங்கியிருந்தது. மலேசியாவில் 1982இல் கிழக்கை நோக்கும் கொள்கை அறிவிக்கப்பட்டிருந்தது. ஜப்பானியரின் உழைப்பைப் பார், கட்டுப்பாட்டைப் பார் என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், கூடத்துப் பெட்டிக்குள்ளேயே ஓர் உழைப்பாளிப் பெண் வந்து நின்றாள். பிறகு அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு நாடகம் போனது. வசதி குறைந்த நாடுகள் பலவற்றுக்கு ஜப்பான் அதை இலவசமாகவே கொடுத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

ஈரானில் நடந்தது தனிக் கதை. ஈராக்குடன் போர் நடந்த ஆண்டுகளில் அங்கே தெருக்களை வெறிச்சோட வைத்த நாடகம் இது. 1989 ஜனவரியில், பாத்திமா அம்மையாரின் பிறந்த நாளை ஒட்டி வானொலியில் பெண்களிடம் கருத்துக் கேட்டார்கள். இன்றைய பெண்ணுக்கு முன்மாதிரி யார் என்ற பேச்சில், ஒரு பெண் ஓஷினைச் சொல்லிவிட்டார். நாட்டின் தலைவர் கோமெய்னி கடும் சினம் கொண்டார். வானொலி அதிகாரிகள் சிலருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு மன்னிக்கப்பட்டது. ஒரு நேயரின் ஒரு வரிக் கருத்து அவ்வளவு தூரம் போயிற்று. அதே ஈரானில், ஓஷினின் கணவர் குடும்பப் பெயரான தனோகுரா, 'தானாகுரா' என்று திரிந்து, பழைய துணி விற்கும் கடைகளுக்குப் பொதுப்பெயராகவே ஆனது. கதையில் ஓஷினும் துணி வியாபாரம் செய்தவள்தானே.

இந்த வட்டாரத்து நேயருக்கோ ஓஷினின் நடுப்பகுதி எளிதில் விழுங்கக்கூடியதாக இருந்திருக்காது. ஓஷின் நாட்டுப் படை சிங்கப்பூரைப் பிடித்தது 1942 பிப்ரவரி 15இல். 'ஜப்பான்காரன் காலம்' என்று பெரியவர்கள் சொல்லும் அந்த மூன்றரை ஆண்டுகளில், அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்றார்கள். தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் திரும்பாதவர்கள் ஆயிரமாயிரம் பேர். அந்த நினைவோடு உட்கார்ந்து, போரில் மகனைப் பறிகொடுத்த ஒரு ஜப்பானியத் தாய்க்காகக் கண்ணீர் விடுவது சின்னக் காரியமா? முள்ளங்கிச் சோற்றின் அருமை கிழங்கு தின்றவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கிழங்கைத் தின்ன வைத்தது யார் என்பதும் தெரியும்.

ஹாஷிதா இதை மூடி மறைக்கவில்லை என்பதுதான் ஓஷினை மற்ற கண்ணீர்க் கதைகளிலிருந்து பிரிக்கிறது. ஓஷினின் கணவன் ரியூசோ இராணுவத்துக்குப் பொருள் கொடுத்து வளமாகிறான். ஊர் இளைஞர்களைப் படையில் சேரத் தூண்டுகிறான். அவர்கள் திரும்பவில்லை. அவனுடைய மூத்த மகனும் திரும்பவில்லை. தோல்வி அறிவிக்கப்பட்டதும், தான் அனுப்பி வைத்த பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் தற்கொலை செய்துகொள்கிறான். சாப்பாட்டுக்குக் குறைவில்லாமல் அந்தக் காலத்தைக் கடந்த ஓஷினும் தன்னைக் குற்றமற்றவள் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஹாஷிதா போர் முடிந்தபோது இருபது வயதுப் பெண்; தாமும் அன்று போரை நம்பியவர்தான் என்று பின்னாளில் ஒளிக்காமல் சொன்னவர். கதாநாயகியின் பிறப்பை 1901 என்று வைத்ததும் காரணத்தோடுதான். அது அன்றைய பேரரசர் ஹிரோஹித்தோ பிறந்த ஆண்டு.

பொறுமையைப் போதிப்பதற்காக எழுதப்பட்ட கதை இதுவல்ல என்பதற்கு நாடகத்தின் தொடக்கமே சாட்சி. பலரும் மறந்துவிட்ட தொடக்கம் அது. 1983இல், குடும்பத்தின் பேரங்காடி தனது 17ஆவது கிளையைத் திறக்கும் நாளில் மூதாட்டி ஓஷின் வீட்டைவிட்டுக் காணாமல் போகிறாள். ஒரு காலத்தில் தனக்குக் கைகொடுத்த கோத்தாவின் குடும்பக் கடையை அந்தப் புதிய கிளை நசுக்கிவிடும். மகன் ஹிதோஷிக்கு அது வெறும் வியாபாரம். இவனை இப்படி வளர்த்தது நான்தானே, எங்கே தவறினேன் என்று தேடிக்கொண்டு, பேரன் முறையுள்ள இளைஞன் கேயைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, அவள் பிறந்த ஊருக்குப் போகிறாள். சிறுமியின் கதை முழுவதும் அந்தத் தேடலில் எழுகின்ற நினைவு. செல்வம் கொழித்திருந்த 1983ஆம் ஆண்டு ஜப்பானைப் பார்த்துத்தான் ஹாஷிதா அந்தக் கேள்வியைக் கேட்டார். நேயர்களோ தெப்பத்தில் இருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஓஷின் யார் என்று கேட்டால், யாவோஹான் பேரங்காடியை வளர்த்த கட்சு வாடா என்று பலரும் சொல்வார்கள். முழுக்க அப்படியல்ல, அவர் குத்தகை விவசாயியின் மகள் அல்ல, ஒடவாராவில் காய்கறிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். ஆயினும் சிறு கடையிலிருந்து பேரங்காடி வரை போன பாதை ஒன்றுபோலவே இருக்கும். அந்த யாவோஹான் 1974இல் சிங்கப்பூரில் பிளாசா சிங்கப்பூராவிலும், 1987இல் கோலாலம்பூர் தி மால் வளாகத்திலும் கடை திறந்தது. ஓஷினைப் பார்த்து அழுத குடும்பங்கள் வார இறுதியில் அங்கே சாமான் வாங்கின. வாடா 1993இல் காலமானார். எல்லை மீறிக் கிளை பரப்பிய நிறுவனம், கடன் சுமை தாங்காமல் 1997 செப்டம்பரில் சரிந்தது.