எம்.பி.எஸ்ஸும் ஒரு சேர்ந்திசைக் குழுவும்

போன பொங்கலுக்கு மட்டாஞ்சேரியில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் ஒரு மொட்டை மாடியில் கூடினோம். சர்க்கரைப் பொங்கல் ஆயிற்று, கரும்பும் ஆயிற்று. "யாராவது ஒரு பாட்டுப் பாடுங்களேன்" என்றார் ஒரு மாமி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் ஒரு பையன் செல்போனை ஸ்பீக்கரில் இணைத்தான். தப்பித்தோம்.

வீட்டுக்கு வரும் வழியில் எட்டாவது படிக்கும் என் மகள் கேட்டாள்: "நம்மாளுங்களுக்குச் சேர்ந்து பாடறதுக்கு ஒரு பாட்டுகூடத் தெரியாதாப்பா?" அவள் பள்ளியில் மலையாளத்தில் ஐம்பது பிள்ளைகள் சேர்ந்து பாடுகிறார்கள். எனக்குச் சுருக்கென்றது. தெரியாமல் என்ன, சென்னையில் அதற்கென்றே ஒரு குழு இருந்ததே என்று அன்றிரவு அவளுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எம்.பி. சீனிவாசன் என்றால் தமிழ்நாட்டில் பாதிப் பேர் யோசிப்பார்கள். இங்கே எங்கள் கிளைக்கு வரும் மிளகு வியாபாரியிடம் எம்.பி.எஸ். என்று சொல்லிப் பாருங்கள், உடனே இரண்டு பாட்டை முணுமுணுப்பார். சுயம்வரம் (1972), எலிப்பத்தாயம் (1981), யவனிகா (1982) எல்லாம் அவர் இசைதான். கேரள மாநில விருதைப் பலமுறை வாங்கியவர். ஆனால் ஆள் நம்மவர். பெயரின் முதல் எழுத்து மானாமதுரையைக் குறிப்பது. பிறந்தது 1925-ல், ஆந்திரத்துச் சித்தூரில். மாணவப் பருவத்திலேயே இடதுசாரி இயக்கத்துக்குப் போனவர். டெல்லியில் ஏ.கே. கோபாலனிடம் வேலை பார்த்தார். விடுதலைப் போராட்ட வீரர் சைபுதீன் கிச்சலுவின் மகள் ஜாகிதாவை மணந்தார். தமிழில் இடதுசாரிக் கலைஞர்கள் கூடி எடுத்த 'பாதை தெரியுது பார்' (1960) படத்துக்கு இசை அவர்தான். ஜெயகாந்தன் பாட்டு எழுதிய படம் அது.

எங்கள் பக்கத்து ஊர்க்காரருக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. ஃபோர்ட் கொச்சியில் 1940-ல் பிறந்த ஜேசுதாஸ், சென்னையில் 1961 நவம்பர் 14 அன்று முதன்முதலாக ஒரு சினிமாவுக்குப் பாடினார். படம் 'கால்பாடுகள்', பாடியது ஸ்ரீ நாராயண குருவின் வரிகள். இசையமைப்பாளர் எம்.பி.எஸ். இதை என்னிடம் சொல்லாத ஃபோர்ட் கொச்சி ஆட்டோக்காரர் குறைவு.

சரி, விஷயத்துக்கு வருவோம். இப்படிப்பட்ட தனிக்குரலை உலகுக்குக் காட்டிய அதே மனிதர்தான், தனிக்குரலே தேவையில்லை என்று ஒரு குழுவைத் தொடங்கினார். 1970களின் தொடக்கத்தில் உருவான மெட்ராஸ் யூத் கொயர் அது. தமிழில் சேர்ந்திசைக் குழு. பாடகர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். படிப்பையும் வேலையையும் வைத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் பாட வந்தவர்கள்.

இந்த யோசனை அவருக்கு மட்டும் தோன்றியதல்ல. 1958-ல் பம்பாயில் சலில் சௌத்ரி ஒரு யூத் கொயரைத் தொடங்கினார் (அதே சலில்தா, பிற்பாடு 'செம்மீன்' படத்துக்கு இசையமைத்தவர்). அதே ஆண்டில் கல்கத்தாவில் ரூமா குஹா தாகுர்தா இன்னொன்றைத் தொடங்கினார். இவர்கள் எல்லோருக்கும் பின்னால் மக்கள் நாடக மன்றமான இப்டாவின் காற்று இருந்தது. ஊர்வலத்தில் ஆயிரம் பேர் பாடுவதை மேடைக்குக் கொண்டுவர முடியுமா என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி.

சென்னையில் சேர்ந்து பாடுவது புதிதா என்றால், இல்லை. 1893-லிருந்து மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் இருக்கிறது. ஆனால் அது ஐரோப்பிய இசை வழி. நம் பக்கம் பஜனை மடம் இருக்கிறது. அங்கே ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள். எம்.பி.எஸ். இந்த இரண்டுக்கும் நடுவே வழி தேடினார். பாட்டு நம்முடையது, பாரதியாருடையது, பல இந்திய மொழிகளுடையது. பாடும் முறையில் மட்டும் பல குரல் வரிசைகள்.

இது எவ்வளவு கஷ்டம் என்பது பாடிப் பார்த்தால்தான் தெரியும். ஆணுக்கு ஒரு கட்டை வசதி என்றால் பெண்ணுக்கு ஐந்து கட்டை வேண்டும். எல்லோருக்கும் ஒரே சுருதி வைத்தால் பாதிப் பேர் கத்துவார்கள், மீதிப் பேர் முனகுவார்கள். அடுத்த சிக்கல் கமகம். ஒரு வித்வான் ஒரு சுரத்தை அவர் மனம்போல அசைப்பார். நாற்பது பேர் நாற்பது விதமாக அசைத்தால் சந்தைக்கடைதான். ஆகவே சேர்ந்திசையில் கமகத்தைக் குறைத்து, மெட்டை நேராக்கி, இரண்டாவது குரல் வரிசையை ராகத்துக்கு உறுத்தாமல் போட வேண்டும். மூச்சையும் எல்லோரும் ஒரே இடத்தில் விடக்கூடாது. ஒருவர் மூச்செடுக்கும்போது பக்கத்தில் நிற்பவர் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பாட்டு அறுந்ததே கேட்பவருக்குத் தெரியாது.

அவர் மேடையோடு நிற்கவில்லை. சினிமா வாத்தியக்காரர்களின் சங்கத்தைக் கட்டி எழுப்பியதில் அவர் பங்கு பெரிது. வாசித்த கூலிக்கு நடையாய் நடந்த காலம் அது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சேர்ந்து பாடக் கற்றுத்தரும் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனார். தன் மொழி அல்லாத ஒரு பாட்டையாவது ஒவ்வொரு குழந்தையும் பாட வேண்டும் என்பதுதான் அந்த முயற்சியின் உயிர். நான் நாலாம் வகுப்பு படிக்கையில் அர்த்தம் தெரியாமல் ஒரு வங்காளிப் பாட்டையும் ஒரு மலையாளப் பாட்டையும் தொண்டை கிழியப் பாடியிருக்கிறேன். அது எங்கிருந்து வந்த வழக்கம் என்பது பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

1988 மார்ச் 9 அன்று அவர் இறந்தார். வீட்டிலும் இல்லை, ஸ்டுடியோவிலும் இல்லை, லட்சத்தீவில். சேர்ந்திசை வேலையாகப் போன இடத்தில் போய்ச் சேர்ந்தது உயிர். மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்றால் எதிரே வெல்லிங்டன் தீவு தெரியும். லட்சத்தீவுக் கப்பல்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. சாயங்காலம் கப்பலைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவு வரும்.

தலைவர் போனால் குழு கலைந்துவிடும், அதுதான் நம் ஊர் வழக்கம். இங்கே அப்படி ஆகவில்லை. அவர் கற்றுக்கொடுத்தவர்கள் பாட்டைத் தொடர்ந்தார்கள், அவர் பெயரிலேயே எம்.பி.எஸ். யூத் கொயர் என்று ஒரு குழுவும் சென்னையில் நடந்தது. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், அவர் முதலைத் தன் பெயரில் போடவில்லை, நாற்பது பேர் பெயரில் பிரித்துப் போட்டுவிட்டார்.

கதை முடிந்ததும் மகள், "அப்ப நாமளும் பாடலாமா?" என்றாள். பாரதியார் பாட்டுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், 1949-லேயே அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. ஆகவே அந்தச் சாக்கும் இல்லை. பக்கத்து வேலி பகுதியில் தலைமுறை தலைமுறையாகச் சலவைத் தொழில் செய்யும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அங்கிருந்து அண்ணன் ஒருவரும் அவர் பெண்களும் வந்தார்கள். பொங்கலன்று பாட்டுக் கேட்ட மாமியும் வந்தார். மொத்தம் ஒன்பது பேர். எங்களைவிடப் பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்தவர்களை இத்தனை வருஷம் ஒரு பொங்கலுக்குக்கூட நாங்கள் கூப்பிட்டதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

முதல் ஞாயிறு படுமோசம். நான் ஒரு பக்கம், சுருதி ஒரு பக்கம். மூன்றாம் ஞாயிறு ஒரு சரணம் முழுக்கச் சேர்ந்து வந்தது. முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை, எல்லோரும் பாடிக்கொண்டிருந்ததால் கேட்க ஆள் இல்லை. அந்த அண்ணன் மட்டும், "இன்னொரு வாட்டி பாடுவோமா சார்?" என்றார்.

பாடினோம். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் சரி, ஒன்பது பேர் கிடைப்பார்கள். கூப்பிட்டுத்தான் பாருங்களேன்.