மிதிலைப் பெண்களும் சுவர்ச் சித்திரங்களும்

ஸீதையின் பிறந்தகம் என்று நாம் போற்றும் மிதிலை, இன்றைய வட பீஹாரிலும் நேபாளத்தின் தராய்ப் பகுதியிலும் பரவியுள்ள பிரதேசம். அங்கே பிராமண, காயஸ்த இல்லங்களில் விவாஹம் நடக்கும்போது, மணமக்களுக்கான 'கோஹ்பர்' அறையின் சுவரில் தாமரை, மூங்கில், மீன், கிளி முதலியவற்றை வரைவது பெண்களின் பொறுப்பு. தரையில் அரிசி மாவுக் கரைசலால் இடும் 'அரிபன்' நம் மாக்கோலத்தை நினைவூட்டும்.

மண்சுவரில் வரைந்தது நெடுநாள் நிற்காது. மழையில் கரையும், மறுபடி மெழுகினால் மறையும். ஆகவே தாயிடமிருந்து மகளுக்கும், மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் கைமாறியது சித்திரம் அல்ல, வரையும் பழக்கமே.

1934 ஜனவரி 15-ல் நேர்ந்த பூகம்பத்தில் வீடுகள் இடிந்தபோதுதான் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்த உட்சுவர்ச் சித்திரங்களைக் கண்டார். 1949-ல் 'மார்க்' இதழில் அவற்றைப் பற்றி எழுதினார். 1966-67-ல் பீஹாரில் கடும் வறட்சி. அகில இந்தியக் கைவினை வாரியத்தின் புபுல் ஜயகர், பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரை அங்கு அனுப்பி, பெண்களுக்குக் காகிதம் கொடுத்து வரையச் செய்தார். வீட்டுச் சடங்காக இருந்தது அடுப்பெரிய வழி செய்தது.

சுவரில் வரைந்தவளுக்குப் பெயர் தேவைப்படவில்லை. காகிதம் விலைக்குப் போனபோது அவள் பெயரும் வெளியே தெரிந்தது. ஜகதம்பா தேவிக்கு 1975-லும், ஸீதா தேவிக்கு 1981-லும், கங்கா தேவிக்கு 1984-லும் பத்மஸ்ரீ கிடைத்தது. கங்கா தேவி, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற அனுபவத்தையே சித்திர வரிசையாகத் தீட்டினார், 1991-ல் காலமானார். டில்லி கைவினை அருங்காட்சியகத்தில் அவர் வரைந்திருந்த கோஹ்பர் அறைச் சுவர், 2015-ல் புதுப்பிப்புப் பணியின்போது அழிந்தது. காப்பதற்கென்றே ஏற்பட்ட இடத்தில் இப்படி நேர்ந்ததை என்னவென்று சொல்வது!

ஆனால் கலை வேறு வீட்டில் துளிர்த்தது. மீனவ சமூகத்தைச் சேர்ந்த துலாரி தேவி, மஹாசுந்தரி தேவியின் இல்லத்தில் வீட்டு வேலை செய்தபடியே வரையக் கற்றவர். 2021-ல் அவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. 2025 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட் சமர்ப்பிக்க உடுத்தி வந்தது அவர் அளித்த புடவையே. மேல்ஜாதி இல்லங்களின் சொத்தாக இருந்த கலையை இவரைப் போன்றவர்களும் கற்றதால்தான் அது இன்றும் வளர்கிறது.

அங்கத்தினர்கள் இதை நம் கோலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அடுக்குமாடி வாசலில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டிவிட்டோம். பாட்டியின் கோல நோட்டுப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருப்போரும் உண்டு, நல்லதே. ஆயினும் அதிலிருந்து ஓர் இழைக்கோலத்தையாவது பெண்ணுக்கும் பிள்ளைக்கும், ஆசைப்படுகிற அண்டை வீட்டுக் குழந்தைக்கும் போடக் கற்றுக்கொடுப்போம். புள்ளி வைக்கும் கை இருந்தால் கோலம் இருக்கும்.