கல்லில் வெட்டிய வாரண்ட்டி

திருச்சியிலிருந்து துறையூர் போகும் சாலையில் திருவெள்ளறை. புண்டரீகாக்ஷப் பெருமாளைச் சேவிக்கப் போயிருப்பீர்கள். ஆனால், கோயிலையொட்டி இருக்கும் அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் அடுத்த முறை அவசியம் பாருங்கள்.

வட்டக் கிணறு இல்லை, சதுரமும் இல்லை. ஸ்வஸ்திக வடிவம்! நாலு பக்கமும் படிக்கட்டுகள். ஒவ்வொன்றும் பாதியில் திரும்பி, பிறகு தண்ணீருக்கு இறங்குகிறது. ஒரு படிக்கட்டில் இறங்குகிறவருக்கு மற்ற மூன்றில் யார் இருக்கிறார்கள் என்பது தெரியாது. தண்ணீர் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கிணறு இது. வயது சுமார் 1,200. வெட்டியவர் பெயர் கம்பன் அரையன் (ராமாயணக் கம்பர் இல்லை, இவர் வேறு!). மன்னனின் நாலாவது ஆட்சி ஆண்டில் ஆரம்பித்து ஐந்தாவது ஆண்டில் முடித்தார் என்று அங்கே உள்ள கல்வெட்டு சொல்கிறது. கிணற்றின் பெயர் 'மார்ப்பிடுகு பெருங்கிணறு'. இதைக் காப்பாற்ற வேண்டியவர்கள் யார் என்றும் அதே கல்வெட்டில் இருக்கிறது - இந்த ஊர் மூவாயிரத்து எழுநூற்றுவர்!

யார் செய்தது, எப்போது செய்தது, பொருளின் பெயர் என்ன, பாதுகாக்கும் பொறுப்பு யாருடையது... இத்தனையும் ஒரே இடத்தில். இதற்கு இன்று நாம் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? வாரண்ட்டி கார்டு!

இந்த எண்ணம் எனக்குத் தோன்றக் காரணம் என் அக்கா மகன். ஸ்ரீரங்கத்தில் இருக்கிறான். புதுக் கார் வாங்கி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய கையோடு என்னையும் ஏற்றிக்கொண்டு திருவெள்ளறை வந்துவிட்டான். சேவித்து முடித்து, கிணற்றடியில் நிற்கும்போது மெதுவாக ஆரம்பித்தான்.

"மாமா, ஹாரன் சத்தமே பத்தலை. ஹெட்லைட்டும் மங்கலா இருக்கு. பெரிய ஸ்க்ரீன் ஒண்ணு போடணும், சக்கரம் மாத்தணும். ஆனா, எதைத் தொட்டாலும் வாரண்ட்டி மொத்தமா போயிடும்னு ஷோரூம்ல பயமுறுத்தறாங்க. கடைக்காரர் ஒண்ணும் ஆகாதுங்கறார். யார் சொல்றது நிஜம்?"

இரண்டு பேர் சொல்வதும் நிஜமில்லை என்றேன். ஏன் என்று சொல்ல, கொஞ்சம் சரித்திரம் வேண்டியிருக்கிறது.

அம்பாஸடர் காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. 1950-களின் இறுதியில் பிறந்து 2014-ல் உற்பத்தி நின்ற அந்த வண்டிக்கு நம் ஆட்கள் செய்யாத அலங்காரம் உண்டா? டாஷ்போர்டில் குட்டி ஃபேன், ஜன்னலுக்குத் திரை, மேலே கேரியர். பெட்ரோல் இன்ஜினையே இறக்கிவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றிக்கொண்டவர்களும் உண்டு. வாரண்ட்டி? தெருமுனை மெக்கானிக்தான் வாரண்ட்டி!

அமெரிக்காவிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. 1908 முதல் 1927 வரை ஹென்றி ஃபோர்டின் 'மாடல் டி' கார் சுமார் ஒன்றரைக் கோடி விற்றது. அதில் பெட்ரோல் அளவு காட்டும் முள்கூட இல்லை. டாங்க்கில் குச்சியை விட்டுத்தான் பார்க்க வேண்டும். கம்பெனி கொடுக்காததை எல்லாம் வெளிக் கடைகள் விற்றன. அந்த ஒரு காரை நம்பியே பெரிய உதிரிப் பொருள் வியாபாரம் வளர்ந்தது.

பிறகு வாரண்ட்டி வந்தது. வாங்கியவரைக் காப்பாற்றத்தான் வந்தது என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் வேடிக்கை.

1955 மே மாதம். நியூ ஜெர்ஸியில் ஹென்னிங்ஸன் என்பவர் அன்னையர் தினப் பரிசாக மனைவிக்கு ஒரு ப்ளிமத் கார் வாங்கிக் கொடுத்தார். பத்தே நாள். ஓடியது 468 மைல்தான். மனைவி ஓட்டிக்கொண்டிருந்தபோது கீழே ஏதோ உடைவதுபோல் சத்தம். ஸ்டீயரிங் கையில் சுழன்றது. வண்டி சுவரில் போய் மோதியது.

கம்பெனி என்ன சொன்னது? ஒப்பந்தத்தைத் திருப்பிப் பாருங்கள் என்றது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் வாரண்ட்டி. 90 நாள் அல்லது 4,000 மைலுக்குள் குறையுள்ள பாகத்தைக் கழற்றி அனுப்பினால், கம்பெனிக்கும் அது குறை என்று பட்டால், மாற்றித் தருவோம். அவ்வளவுதான் எங்கள் பொறுப்பு. அடிபட்டதற்கெல்லாம் கிடையாது!

அதாவது, அந்த வாரண்ட்டி வாங்கியவருக்குப் பிடித்த குடை இல்லை. கம்பெனி தன்னைச் சுற்றிப் போட்டுக்கொண்ட வேலி! 1960-ல் நியூ ஜெர்ஸி உச்ச நீதிமன்றம் அந்த வேலியைப் பிடுங்கி எறிந்தது. பொடி எழுத்தில் போட்டுவிட்டுப் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்று தீர்ப்பளித்தது.

அடுத்த அத்தியாயம் 1975. மாக்னுஸன், மாஸ் என்ற இரண்டு அரசியல்வாதிகளின் பெயரில் அமெரிக்காவில் ஒரு வாரண்ட்டி சட்டம். நாங்கள் சொல்லும் பிராண்ட் பாகத்தைத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் வாரண்ட்டி கிடையாது என்று பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்றது அது. வெளிப் பாகத்தால்தான் கெட்டது என்றால், அதைக் காட்ட வேண்டியது கம்பெனியின் வேலை. இதில் கையெழுத்துப் போட்ட ஜனாதிபதியின் பெயர் என்ன தெரியுமா? ஃபோர்டு! (ஜெரால்ட் ஃபோர்டு, கார்க்காரருக்கு உறவில்லை.)

சரி, நம் ஊருக்கு வருவோம். அதற்கு முன் என் சொந்தக் கதை ஒன்று.

பல வருடம் முன்பு என் காரில் வெளிக் கடையில் ஒரு ஸ்டீரியோ போட்டேன். சில மாதத்தில் ஏ.சி. கம்ப்ரஸர் படுத்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் இருந்தவர் பானெட்டைத் திறக்கவில்லை. கதவைத் திறந்தார், ஸ்டீரியோவைப் பார்த்தார். "வெளியில கை வெச்சிருக்கீங்க சார், வாரண்ட்டி வராது." நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன். ஸ்டீரியோவுக்கும் கம்ப்ரஸருக்கும் என்ன சம்பந்தம்? கேட்கத் தோன்றவில்லை. போன பணத்தைவிட அந்தக் கேள்வியைக் கேட்காமல் வந்ததுதான் இன்றும் உறுத்துகிறது.

அந்தக் கேள்வியை வேறு ஒருவர் கேட்டார். 2011-ல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனார். கார் கம்பெனிகள் ஸ்பேர் பார்ட்ஸை வெளிச்சந்தைக்கு விடாமல் கைக்குள் வைத்திருக்கின்றன என்பது புகார். மூன்று கம்பெனிகளில் ஆரம்பித்த விசாரணை பெருகிக்கொண்டே போனது. 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம்!

எல்லோரும் அபராதத் தொகையைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். எனக்குப் பெரிதாகப் பட்டது அதே உத்தரவில் இருந்த இன்னொரு விஷயம். வெளியில் ரிப்பேர் பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்ட்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது. வெளி வேலையால் எந்த அளவுக்குச் சேதமோ, அந்த அளவுக்குத்தான் வாரண்ட்டியை மறுக்கலாம். அதற்கும் தகுந்த காரணம் வேண்டும்.

கம்பெனிகள் சும்மா இருக்குமா? மேல்முறையீடு, உயர் நீதிமன்றம் என்று கிளம்பின. 2016-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், தன் முன் வந்த மூன்று கம்பெனிகள் தவறு செய்தது உண்மைதான் என்று உறுதி செய்து, அபராதத்தை மட்டும் குறைத்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த உத்தரவு வெளியில் ரிப்பேர் பார்ப்பதைப் பற்றியது. ஹாரன், ஸ்க்ரீன் மாட்டுவதைப் பற்றி அல்ல. ஆனால், அதிலுள்ள நியாயம் இங்கேயும் பொருந்துகிறது. சேதம் எங்கே, காரணம் எது, இரண்டுக்கும் சம்பந்தம் என்ன? இந்த மூன்றும்தான் கேள்வி.

இப்போது நாலு படிக்கட்டுக்கு வருவோம். புதுக் காரில் ஏதாவது மாற்ற நினைத்தால் உங்களைச் சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள். ஒருவர் நிற்பது இன்னொருவர் கண்ணுக்குத் தெரியாது.

முதல் படிக்கட்டு, சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்தவர் சொன்ன அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு திருத்திய சட்டப்படி, மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்னால் மாட்டும் இரும்பு பம்பரைத் தடுக்கச் சொல்லி மத்திய அரசு 2017-லேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. பல குரலில் பாடும் ஹாரனும் கூடாது. இதற்கெல்லாம் வாரண்ட்டி போகுமா என்று கேட்பதே வீண். வண்டியே மாட்டிக்கொள்ளும்!

இரண்டாவது படிக்கட்டு, கார் கம்பெனி. வண்டியோடு ஒரு புத்தகம் தருகிறார்களே, நாம் டாஷ்போர்டு அறையில் போட்டு மூடி, விற்கிற அன்றைக்குத்தான் எடுப்போமே, அதில் எதற்கு வாரண்ட்டி இல்லை என்று ஒரு பக்கம் இருக்கும். அதை முதல் நாளே படியுங்கள். அவர்கள் டீலரிடமே அசல் உதிரியாக அதே பொருள் கிடைத்தால், விலை கொஞ்சம் கூட என்றாலும் அதைப் போட்டுக்கொள்வது நிம்மதி.

வெளியில்தான் போடுவேன் என்றால் ஒரு விதி: ஒயரை வெட்டாதீர்கள்! ஒரிஜினல் கப்ளரில் அப்படியே செருகுகிற மாதிரி இருக்க வேண்டும். ஏன் தெரியுமா? ஒரு சின்னக் கணக்கு. சாதாரண ஹாலஜன் ஹெட்லைட் பல்ப் 60 வாட். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் கரன்ட் இழுக்கும். 'பளிச்' என்று எரியட்டும் என 100 வாட் பல்பைப் போட்டால் 8 ஆம்பியருக்கு மேல். சரி, ஒன்றே முக்கால் மடங்குகூட இல்லையே என்கிறீர்களா? ஒயரில் உண்டாகும் சூடு கரன்ட்டின் வர்க்கத்தில் ஏறும். கிட்டத்தட்ட மூன்று மடங்கு சூடு! 5 ஆம்பியருக்குக் கம்பெனி போட்ட ஒயர் உருகினால், குற்றம் யாருடையது? அப்போது வாரண்ட்டி இல்லை என்றால் அது நியாயம்தான்.

ஆனால், அதே வண்டியில் கியர்பாக்ஸ் கெட்டால்? பல்புக்கும் கியருக்கும் சம்பந்தம் இல்லை. அங்கே வாரண்ட்டியைக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது படிக்கட்டு, இன்ஷூரன்ஸ். மாட்டியதைச் சொல்லி, அதன் மதிப்புக்குத் தனியாக ஒரு சிறு தொகை கட்டி, பாலிசியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். சொல்லாமல் விட்டால் திருட்டுப்போன ஸ்க்ரீனுக்கு ஒரு ரூபாய் வராது.

நாலாவது படிக்கட்டு, போட்டுக் கொடுத்த கடை. "பில்லு எதுக்கு சார், ஜி.எஸ்.டி. மிச்சம்" என்பார். வேண்டாம். பொருளின் பெயர், தேதி, செய்த வேலை எல்லாம் போட்டு பில் வாங்குங்கள். கழற்றிய ஒரிஜினல் பாகத்தை அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சர்வீஸ் சென்டரில் மறுத்தால்? சண்டை வேண்டாம். எந்த மாற்றம், எந்தப் பாகத்தை, எப்படிக் கெடுத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். இது மட்டும் போதும். சம்பந்தம் இல்லாமல் வாயால் சொல்வது சுலபம். எழுத்தில் கொடுக்கக் கை நடுங்கும். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்ச ரூபாய் வரை என்றால் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.

அக்கா மகன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ ஹாரன் மாத்தலாம், ஸ்க்ரீன் போடலாம். சக்கரத்தையும் பல்பையும் விட்டுடறேன் மாமா" என்றான். ஹாரன் ஒரே குரலில், கப்ளரில் செருகுவதாக இருக்கட்டும் என்றேன். சந்தோஷமாகத் தலையாட்டினான். "ஆனா, அவங்க எழுதித் தர மாட்டேன்னா?"

கிணற்றைக் காட்டினேன். 1,200 வருடத்துக்கு முன்னால் ஓர் ஊர், பொறுப்பு எங்களுடையது என்று எழுதிக் கொடுத்தது. அதுவும் காகிதத்தில் இல்லை. கல்லில்! எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டர் என்று பொடி எழுத்து எதுவும் போடவில்லை.

நாம் கல்வெட்டா கேட்கிறோம்? ஒரு வெள்ளைக் காகிதம்தானே... கேளுங்கள். நான் அன்று கேட்கவில்லை, நீங்கள் கேளுங்கள்!