ஊரும் உடைமையும்: நொபொரு கராசிமாவின் ஆராய்ச்சி நெறி

இந்தியச் சிற்றூர் என்றும் மாறாத் தன்மையது என்னும் கொள்கை நெடுங்காலம் செல்வாக்குற்று விளங்கியது. 1830இல் சார்லசு மெட்காஃப் சிற்றூர்களைச் சிறு குடியரசுகள் எனப் புகழ்ந்தார். பேரரசுகள் அழியினும் அவை அழியா என்பது அவர் கருத்து. அவ்வூர்களில் தனியுடைமை இல்லை. ஆதலின் மாற்றமும் இல்லை என்று பின்வந்தோர் முடிபு கூறினர். இம்முடிபு மெய்யாயின் தமிழகத்து உழவர்க்கு வரலாறே இல்லையாகும். இதனைக் கல்வெட்டுக்களைக் கொண்டே ஆராய்ந்தவர் சப்பானிய அறிஞர் நொபொரு கராசிமா (1933-2015).

தோக்கியோவில் கல்வி பயின்ற அவர், 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக் கழகத்திற்கு வந்தார். உதகமண்டலத்தில் அந்நாளில் இயங்கிய கல்வெட்டு அலுவலகத்திலும் பயிற்சி பெற்றார். பேரரசர் தம் வெற்றிகளைப் பாடும் மெய்க்கீர்த்தியினும், அதனைத் தொடர்ந்து வரும் விற்பனையும் எல்லையும் இறையுமே அவர் கருத்தைக் கவர்ந்தன.

1966இல் வெளிவந்த அவருடைய கட்டுரை, திருச்சிராப்பள்ளியை அடுத்த அல்லூர், ஈசானமங்கலம் என்னும் ஈரூர்களை ஒப்பிட்டது. அல்லூரில் ஊரார் கூடி நிலத்தை விற்றனர். அங்கு நிலம் பொதுவுடைமையாக இருந்தது. பிரமதேயமாகிய ஈசானமங்கலத்திலோ பிராமணர் தனித்தனியே நிலம் உடையராயிருந்தனர். உழுவோர் அவரின் வேறாயினர். அண்மையிலுள்ள ஈரூர்களே இங்ஙனம் வேறுபடுமாயின், எல்லாச் சிற்றூர்க்கும் ஓரிலக்கணம் வகுத்தல் எங்ஙனம் பொருந்தும்?

ஈரூர்ச் சான்று மட்டும் நாடு முழுமைக்கும் போதாது என்பதை அவர் நன்கு உணர்ந்தார். ஆதலின், எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோருடன் சோழர் கல்வெட்டுக்களில் பயிலும் பெயர்களைத் தொகுத்து, 1978இல் அகரவரிசையாக வெளியிட்டார். ஓர் ஊர்ப்பெயரோடு ‘உடையான்’ என்னும் சொல் சேர்ந்து வருதல் நிலவுடைமைக்கு அறிகுறியாம். இத்தகைய பெயர்களின் காலத்தையும் இடத்தையும் எண்ணி ஒப்பிட்டதனால், தனியொரு கல்வெட்டுப் புலப்படுத்தாத மாற்றம் புலனாயிற்று. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் காவிரியின் கீழ்ப்பகுதியில் தனியுடைமை பிறவூர்களிலும் பரவியது, பெருநிலக்கிழார் தோன்றினர். இவ்வாய்வுகள் பலவும் அவர்தம் 1984ஆம் ஆண்டு நூலில் இடம்பெற்றன. 1992ஆம் ஆண்டு நூல் விசயநகர ஆட்சியில் உருவான புதிய சமுதாய அமைப்பை விளக்கிற்று.

ஈண்டு ஓர் ஐயம் எழுதல் கூடும். கல்வெட்டுப் பொறித்தோர் கோயிலாரும் நிலமுடையோருமே. கூலிக்கு உழைத்தோரும் அடிமைகளும் அவற்றில் அரிதாகவே, அதுவும் பிறர் வாயிலாகவே, குறிக்கப்படுகின்றனர். எண்ணுதலால் இக்குறை முற்றும் நீங்காது. கல்வெட்டில் இல்லாதாரை எண்ணுதல் இயலாதன்றோ? எனினும், உடைமை யார் கையில் திரண்டது என்பது தெளிந்தால்தான், அதனை இழந்தோர் யாவர் என்னும் வினாவை எழுப்புதல் இயலும்.

சோழர் காலத்தைப் பொற்காலம் என்றலும், தமிழகச் சிற்றூரை மாறாச் சிற்றூர் என்றலும் ஒருபோலச் சான்று தேடும் உழைப்பைத் தவிர்ப்பனவாம். ஓர் அரசரின் பெருமையை நிறுவப் புகுமுன், அவர் காலத்து ஓரூரின் நிலம் யாருடையது, அதனை உழுதவர் யாவர், விற்றவர் யாவர் எனக் கேட்டல் வேண்டும். ஆராய்ச்சி மாணாக்கர்க்குக் கராசிமாவின் வாழ்வு உணர்த்தும் நெறி இதுவேயாகும்.