தங்கவயலிலிருந்து திரும்பாதவர்கள்

நாட்றம்பள்ளியைச் சுற்றியுள்ள ஊர்களில் ‘மைன்ஸ்’ என்று சொன்னால் அதற்கு ஒரே பொருள்தான்: கோலார் தங்கவயல். இப்பகுதி மாணவர்களிடம் குடும்ப வரலாறு எழுதித் தரச் சொல்லும்போதெல்லாம், ஏதேனும் ஒரு தலைமுறையில் ‘மைன்ஸுக்குப் போனவர்’ ஒருவர் வந்துவிடுவதைக் கண்டிருக்கிறோம். போனவரின் பெயர் தெரியும். போன ஆண்டு தெரியாது. திரும்பி வந்தாரா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பதே விடை.

2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகள் ஓடிய தொழில் நின்றது. ஜோலார்ப்பேட்டையிலிருந்து சில மணி நேர ரயில் பயணத்தில் இருக்கும் ஊர் அது. வேலை போன பின்னும் அம்மக்களில் பெரும்பாலோர் தம் முன்னோரின் ஊர்களுக்கு ஏன் திரும்பவில்லை? போனதன் காரணங்கள் ஓரளவு எழுதப்பட்டுள்ளன. திரும்பாமையின் காரணங்களை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை.

முதலில் போனதைப் பார்ப்போம். பெங்களூருக்கும் ஜோலார்ப்பேட்டைக்கும் இடையே ரயில் பாதை திறக்கப்பட்டது 1864இல். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தங்கவயலில் கால்பதித்தது. பாதை, பசி, கூலி ஆகிய மூன்றும் பதினாறு ஆண்டுகளுக்குள் ஒன்றுகூடின. நாட்றம்பள்ளி அடங்கிய திருப்பத்தூர் தாலுகா அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது; 1911இல்தான் வட ஆர்க்காட்டோடு சேர்ந்தது. இன்றைய சித்தூர்ப் பகுதியோ அதே 1911 வரை வட ஆர்க்காட்டுக்குள் இருந்தது. இந்த மூன்று நிலப்பகுதிகளிலிருந்தும் ஆட்கள் சுரங்கத்துக்குச் சென்றனர். அவர்களுள் மிகப் பெரும்பான்மையினர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினர். அம்மக்களுக்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டதே 1892இல்தான். பஞ்சமி நிலம் என்று பின்னர் வழங்கப்பட்ட அந்நிலங்களில் பெரும்பகுதி அவர்கள் கையில் நிலைக்கவில்லை. ஆகவே, அவர்கள் நிலத்தை விட்டுப் போனார்கள் என்பது பிழையான வாக்கியம். விட்டுப் போவதற்கு அவர்களிடம் நிலம் இருந்ததில்லை. அவர்கள் விட்டுப் போனது ஒரு சேரியை. அச்சேரியில் தமக்கு விதிக்கப்பட்டிருந்த இடத்தை.

போய்ச் சேர்ந்த இடம் சொர்க்கமன்று. மூங்கில் தட்டி வேய்ந்த குடிசைகளில் வாழ்ந்தார்கள். வீடு கம்பெனியுடையது, வேலை போனால் வீடும் போகும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. அந்த ஆழத்தில் பாறை தானே வெடித்துச் சிதறி உயிர்களைக் குடித்தது. தப்பியவர்களின் நுரையீரலில் கல்தூசி படிந்தது. சிவசமுத்திரத்திலிருந்து 1902இலேயே தங்கவயலுக்கு மின்சாரம் வந்துவிட்டது என்று பெருமையாகச் சொல்கிறோம். அம்மின்சாரம் எந்திரங்களுக்காக வந்தது, தட்டி வீடுகளுக்காக அன்று. மேற்பார்வைப் பதவிகள் வெள்ளையரிடமும் ஆங்கிலோ இந்தியரிடமுமே இருந்தன. சாதியும் ரயிலேறித் தங்கவயலுக்கு வந்துதான் இருந்தது.

ஆயினும் அங்கே நிகழ்ந்த வேறொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். மாதக் கூலி ரொக்கமாகக் கிடைத்தது. ஆண்டையின் களத்து மேட்டில் காத்து நின்று நெல்லாக வாங்க வேண்டியதில்லை. இந்த ஒரு மாற்றம் பலவற்றுக்கு வழிதிறந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் உயிர்ப்புள்ள கிளை இருந்தது. 1907இல் சென்னையில் தொடங்கிய அவரது ‘தமிழன்’ இதழ், 1914இல் அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்தபின், 1926இல் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் மீண்டும் வெளிவந்தது. அயோத்திதாசரின் எழுத்துகளை நூலாக்கிக் காத்த சித்தார்த்தா புத்தகசாலையும் தங்கவயலில்தான் இயங்கியது. இன்று பல்கலைக்கழகங்களில் ஆய்வுப் பொருளாகியுள்ள ஒரு சிந்தனை மரபைக் காசு கொடுத்துக் காத்தவர்களில் சுரங்கத் தொழிலாளரும் இருந்தார்கள் என்பதைத் தமிழ் இலக்கிய வாசகர்கள் மறக்கலாகாது. 1930இல் கம்பெனி எல்லாத் தொழிலாளரின் கைரேகையையும் பதிவு செய்ய முற்பட்டபோது, குற்றப் பரம்பரையினரைப் போல் தம்மை நடத்துவதா என்று அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பொருளுக்காக வந்தவர்கள் மானத்துக்காகப் போராடினார்கள்.

இந்தப் பின்னணியில் 2001ஐப் பார்த்தால், திரும்பாமையின் பொருள் விளங்கும். சுரங்கம் மூடியபின் கையில் தொழிலும் படிப்பும் சேமிப்பும் இருந்த சிலர் பெங்களூருக்கும் சென்னைக்கும் குடிபெயர்ந்தனர். மற்றவர்கள் அங்கேயே தங்கி, மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு நாள்தோறும் வேலைக்குப் போய்வரத் தொடங்கினர். உறக்கத்தை இழந்து ஊரைக் காத்தார்கள் எனலாம். பெங்களூரின் வாடகை அவர்களுக்கு எட்டாதது. மூதாதையர் ஊரோ எட்டும் தொலைவுதான். ஆனால் அங்கே அவர்களுக்குக் காத்திருந்தது என்ன? நிலம் இல்லை. வீடு இருந்தால் அது சேரியில். பெயருக்கு முன்னால் சாதியைக் கேட்கும் பழைய தெரு. நம் மாணவி ஒருத்தி, தன் பாட்டியின் தம்பி பற்றி இப்படித்தான் எழுதியிருந்தாள்: அவர் திருவிழாவுக்கு வருவார், இரவு தங்க மாட்டார்.

இக்கேள்வி நம் பகுதிக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1950இல் பதினெட்டரை லட்சம் பேர் வாழ்ந்தனர். 2020 கணக்கெடுப்பில் எஞ்சியவர்கள் 6,39,111 பேர். கார்த் தொழிற்சாலைகள் இடம்பெயர்ந்தன. வெள்ளையர் புறநகர்களுக்குச் சென்றனர். 2013இல் நகராட்சியே திவால் மனு கொடுத்தது. தென்மாநிலங்களின் பருத்தி வயல்களை விட்டு வந்திருந்த கறுப்பின மக்களுக்கோ வீட்டுக் கடனும் புறநகர் மனையும் நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தன. 2010இல் அந்நகர மக்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் அவர்களே. பாழடைந்த வீடுகளின் நிழற்படங்களைப் பார்ப்பவர்கள், இவர்கள் ஏன் இன்னும் இங்கிருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். தங்கவயலின் சயனைடு மேடுகளைப் பார்த்துவிட்டு வருபவர்களும் அதையேதான் கேட்கிறார்கள்.

நம் பாலாற்றங்கரையிலும் இதே கணக்கு வேறு வடிவில் நடந்திருக்கிறது. தோல் பதனிடும் தொழிலின் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ கெட்டுப்போனதை 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. 2025 ஜனவரியிலும் அதே பாலாற்று மாசு குறித்து அந்நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளிக்க நேர்ந்தது. கிணறு கெட்டபோது நிலமுடையவர்கள் நிலத்தை விற்றுப் பிள்ளைகளை நகரங்களுக்கு அனுப்பினார்கள். நிலமற்றவர்கள் தங்கினார்கள்; அவர்கள் வீட்டுப் பெண்கள் இன்றும் காலையில் வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் ஷூ கம்பெனி வண்டியேறுகிறார்கள். தண்ணீரைக் கெடுத்த தொழிலே கூலியும் தருகிறது என்பதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். களத்து மேட்டுக் கூலிக்கும் மாதச் சம்பளத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் அவர்கள் அறிவார்கள்.

இருப்பதையும் போவதையும் மண்பற்று என்ற ஒரே சொல்லால் விளக்கிவிடும் வழக்கம் நம் இலக்கியத்தில் வேரூன்றியிருக்கிறது. மண் உடையவனுக்கே மண்பற்று எளிது. மண் இல்லாதவனின் பற்று, அவன் நிமிர்ந்து நடந்த தெருவின் மீது விழுகிறது. அது பொன் தீர்ந்துபோன சுரங்கத்தின் மேலுள்ள தெருவாக இருந்தாலும் சரி. நாம் பிறந்த ஊரைப் பற்றி உருகி எழுதும் முன், அவ்வூர் யாரை இரவு தங்கவிடவில்லை என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.