அஞ்ஞானிகளின் பத்திரிகை

புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு 'பையேன்' என்ற சொல் சிறு வயதிலேயே அறிமுகம். கிறிஸ்தவர், யூதர், முஸ்லிம் ஆகியோர் தவிர மற்ற எல்லோரையும் அந்த ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். பாதிரிமார்கள் அதைத் தமிழில் 'அஞ்ஞானி' என்று எழுதினார்கள். நம் தாத்தா பாட்டி கும்பிட்ட சாமியெல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும்.

ஆனால் சொல்லின் வேரைத் தோண்டினால் வேறு கதை. லத்தீனில் 'பாகுஸ்' என்றால் நாட்டுப்புறம். அந்த ஒரே வேரிலிருந்துதான் பிரெஞ்சில் நாட்டைக் குறிக்கும் 'பேயி', குடியானவனைக் குறிக்கும் 'பேயிஸான்', அஞ்ஞானியைக் குறிக்கும் 'பையேன்' மூன்றும் வந்தன. ஆக, 'பையேன்' என்பவன் முதலில் வெறும் நாட்டான்தான். கொங்கு மண்டலத்தை இருபத்துநான்கு நாடுகளாகப் பிரித்துச் சொல்வது நம் வழக்கம். நாட்டுக்கொரு கோயில், கூட்டத்துக்கொரு குலதெய்வம். அந்த அர்த்தத்தில் நாம் எல்லோரும் 'பையேன்'கள்தான். வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெட்கம் வந்தது எப்படி? நம்மைப் பற்றி நாம் எழுதாமல், மற்றவர்கள் எழுதியதால். மைசூர்ப் பக்கம் பல ஆண்டுகள் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் துய்புவா, இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி ஒரு பெரிய கையெழுத்துப் பிரதி தயாரித்தார். கிழக்கிந்தியக் கம்பெனி 1807இல் அதை 2,000 நட்சத்திர வராகன் கொடுத்து வாங்கிக்கொண்டது. 1816இல் ஆங்கிலத்திலும் 1825இல் பிரெஞ்சிலும் அது அச்சாயிற்று. அதில் பெரும்பகுதி புதுச்சேரியில் முன்பு வாழ்ந்த கேர்து என்ற பாதிரியார் எழுதி வைத்ததிலிருந்து எடுத்தது என்று சில்வியா முர் என்ற பிரெஞ்சு அறிஞர் 1987இல் எடுத்துக்காட்டினார். நம் வீட்டுக் கதை இரண்டு பாதிரிமார் கைமாறி, கம்பெனிக்கு விலைபோனது. கதைக்கு உரியவர்களை யாரும் கேட்கவில்லை.

நம்மவர்கள் தாங்களே எழுதித் தாங்களே அச்சிட்ட காலம் பிறகுதான் வந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் சொந்த அச்சுக்கூடம் வைத்தார். 1889இல் அங்கே சைவ பரிபாலன சபை 'இந்து சாதனம்' என்ற பத்திரிகையைத் தொடங்கியது. மிஷன் பத்திரிகையில் வந்ததற்கு மறுப்பு எழுத நினைத்தவருக்கு, அதை அனுப்ப ஒரு விலாசம் கிடைத்தது. சின்ன விஷயம் போலத் தோன்றும். விலாசம் இல்லாதவன் எழுதுவதில்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு விலாசமாக அமைந்தது 'சித்தாந்த தீபிகை'. 1897 ஜூன் மாதம் தொடங்கிய மாத இதழ். நடத்தியவர் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை, அரசாங்கத்தில் மாவட்ட முன்சீப். பகலில் வழக்கு, மாலையில் சிவஞான சித்தியார் மொழிபெயர்ப்பு. அரசு வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும், கோப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு வீடு திரும்பியபின் மறுபடி பேனாவைப் பிடிப்பது எவ்வளவு பாடு என்று. அவரோ ஊர் ஊராக மாற்றலாகிக்கொண்டே ஒரு பத்திரிகையையும் சுமந்தார்.

ஆங்கில இதழோடு தமிழ் இதழும் உண்டு. தொடக்கத்தில் அதைக் கவனித்தவர் வேதாசலம் என்ற இருபத்தொரு வயது இளைஞர். நாகப்பட்டினத்துக்காரர். அவர்தான் பிற்காலத்து மறைமலையடிகள். மறு ஆண்டு, 1898இல், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். 'அஞ்ஞானி' பத்திரிகையில் எழுதிப் பழகியவரைக் கிறிஸ்தவக் கல்லூரி வேலைக்கு எடுத்துக்கொண்டது. தமிழ் நன்றாகத் தெரிந்தால் போதும் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

இதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. அந்த இதழுக்குக் கட்டுரை அனுப்பியவர்களில் ஜி. யு. போப் ஒருவர். சாயர்புரத்திலும் தஞ்சையிலும் மிஷன் பணி செய்தவர், நமக்குப் பக்கத்தில் ஊட்டியிலேயே பள்ளிக்கூடம் நடத்தியவர். மதம் மாற்ற வந்த பாதிரியார், முதிர்ந்த வயதில் ஆக்ஸ்போர்டிலிருந்து புறநானூறு, புறப்பொருள் வெண்பாமாலைப் பாடல்களை மொழிபெயர்த்து, சைவர்கள் நடத்திய இதழுக்கு அனுப்பினார். 1900இல் அவருடைய திருவாசக மொழிபெயர்ப்பு வெளிவந்தபோது அவருக்கு வயது எண்பது. துய்புவா காலத்தில் நாம் பேசப்படும் பொருளாக மட்டும் இருந்தோம். தொண்ணூறு ஆண்டு கழித்து நம்மிடம் ஒரு பத்திரிகை இருந்தது, பாதிரியாரே அதற்கு எழுதி அனுப்பினார். பத்திரிகை என்ற ஒரு மேடை இருந்ததால்தான் இது நடந்தது.

சரி, நம் கொங்குச் சீமை என்ன செய்தது? சும்மா இருக்கவில்லை. கோவை வழக்கறிஞர் சிவக்கவிமணி சி. கே. சுப்பிரமணிய முதலியார் பெரியபுராணத்துக்கு ஏழு தொகுதிகளில் உரை எழுதினார். கோவைகிழார் இராமச்சந்திரன் செட்டியார் கொங்கு நாட்டு வரலாறு எழுதினார். இருவரும் பெரிய கோயில்களையும் பெரிய நூல்களையும் நன்றாகவே காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

ஆனால் காட்டோரத்துக் கருப்பராயனும், கன்னிமாரும், மண்குதிரைகளும் பத்திரிகைப் பக்கத்துக்கு வர வெகுநாள் ஆயிற்று. படித்தவர்கள் அதைத் தாழ்வாக நினைத்தார்கள். பாதிரியார் விட்டுப்போன 'அஞ்ஞானம்' என்ற சொல்லை நாமே எடுத்து நம் ஊர்ச் சாமி மேல் ஒட்டிவிட்டோம். நம் அண்ணன்மார் கதையை 1965இல் காங்கேயம் பக்கம் உடுக்கைப் பாட்டாக ஒலிநாடாவில் பதிவுசெய்தவர் கனடாவின் பிரெண்டா பெக் அம்மையார். நம் கவிஞர் சக்திக்கனல் அந்தக் கதையை நூலாகப் பதிப்பித்ததால் மானம் தப்பியது. தெற்கே பாளையங்கோட்டையில் பேராசிரியர் நா. வானமாமலை 1969இல் 'ஆராய்ச்சி' என்ற இதழைத் தொடங்கினார். அவர் மார்க்சியவாதி. ஆனாலும் நாட்டார் கதைக்கும் பாட்டுக்கும் வழிபாட்டுக்கும் அதில் மரியாதையான இடம் கிடைத்தது. சாமி கும்பிடுகிறவர்தான் சாமியைப் பற்றி எழுத வேண்டும் என்று சட்டமில்லை.

இவ்வளவும் சொல்வது வெறும் பழங்கதைக்காக இல்லை. இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு என் வயது இருக்கும். உங்கள் குலதெய்வக் கோயிலில் படுகளம் விழுந்தபோது பூசாரி என்ன பாடினார், விழுந்தவர்களை எப்படி எழுப்பினார் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உங்கள் பேரனுக்கு அது தெரியாது. கோயில் சுவருக்கு டைல்ஸ் ஒட்டியாயிற்று, பழைய மண்குதிரை எங்கே போனது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

ஆகவே எழுதி அனுப்புங்கள். வரலாற்று இதழ், நாட்டாரியல் இதழ், ஊர்க் கோயில் மலர், எதுவானாலும் சரி. இலக்கிய நடை வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து கோப்புக்குக் குறிப்பு எழுதிய பழக்கம் போதும். கோயில் இருக்கும் ஊர், சாமியின் பெயர், எந்தக் கூட்டத்தார் கும்பிடுவது, பூசாரி யார், நோம்பி எந்த மாதம், படையலில் என்னென்ன, பாட்டு என்ன. கேட்டது யாரிடம், எந்த ஆண்டு என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். பார்த்ததைப் பார்த்ததாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்துச் சொல்லுங்கள். நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். திருப்பி அனுப்பினால் வருத்தப்படாமல் அடுத்த இதழுக்கு அனுப்புங்கள்.

முன்சீப் வேலை பார்த்த ஒருவரும் இருபத்தொரு வயது இளைஞர் ஒருவரும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் சித்தாந்த தீபிகை. நமக்கோ ஓய்வூதியமும் நேரமும் இருக்கின்றன. ஊர்க் கதையைச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் ஒன்றிரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களை இந்த வாரமே போய்ப் பாருங்கள்.